கந்தக பூமியில் பிள்ளைகளை மீட்டது யார்?

சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று அளித்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி அங்கே பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. அவற்றில் வேலை பார்த்தவர்கள் 27,338 பேர், அவர்களில் குழந்தைகள் 2,941 பேர். அதே ஆண்டுகளில் சிவகாசிக்கு வந்து ஊர் ஊராகப் பார்த்தவர்கள் சொன்ன எண்ணிக்கை வேறு. 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை நாடு முழுவதும் பேசப்பட்டது. அதையொட்டி எழுந்த விவாதங்களில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் இருந்த குழந்தைகள் 45,000 பேர் என்ற எண் திரும்பத் திரும்ப வந்தது. இந்த எண் மிகையானது என்று ஆலை உரிமையாளர்கள் மறுத்தார்கள். மிகை என்றே வைத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும், தீப்பெட்டி ஆலைப் பதிவேட்டில் இருந்ததைப் போல ஏழு மடங்குக்கு மேல் வருகிறது. பதிவேட்டுக்கும் உண்மைக்கும் இடையே காணாமல்போன அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள் யார், அவர்கள் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதைப் பார்த்தால், குழந்தைகளைக் காப்பதில் தொண்டு நிறுவனங்களுக்கு உள்ள இடம் எது என்பது ஓரளவு தெளிவாகும்.

பிள்ளைகள் காணாமல்போனது எப்படி என்பதை முதலில் சொல்ல வேண்டும். தீப்பெட்டி வேலையில் பெரும்பகுதி சின்னச் சின்னக் கைவேலை. குச்சி அடுக்கும் சட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது மெல்லிய பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஐம்பது பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு சட்டம் நிறையும்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குச்சிகள் விரல் நுனியில் பட்டிருக்கும். அதன் பிறகுதான் சட்டம் மெழுகுக்கும் தலைமருந்துக்கும் போகும். கூலி நாளுக்கு இல்லை, சட்டத்துக்கு. பெட்டி ஒட்டுவதற்கும் அப்படித்தான், குரோஸ் கணக்கு. அந்த வேலை ஆலைக்குள் நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. பசைக் கிண்ணமும் காகிதக் கட்டும் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். தாய் பெயரில் கணக்கு, மூன்று பிள்ளைகளின் கையில் வேலை. எந்த ஆய்வாளர் வந்து எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அந்த மூன்று பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள். ஆலைக்கே போன பிள்ளைகளோ, விடியும் முன்பு கிராமம் கிராமமாக வந்து நின்ற ஆலை வண்டியில், ஊர் வழக்கில் ஆபீஸ் வண்டியில், ஏறினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் அவர்களுக்குப் பதிவேடும் கிடையாது, வயதும் கிடையாது. கையால் செய்யும் சிறு ஆலைகளுக்குக் கலால் வரிச் சலுகை இருந்தது. அதனால் பெரிதாக வளர்வதைவிடச் சிறிது சிறிதாகப் பிரிந்து நடத்துவதே லாபம் என்று ஆனது. பிரிந்த ஒவ்வொரு துண்டும் கண்காணிப்பிலிருந்து இன்னும் ஓரடி விலகியது.

ஆகவே இங்கே தொண்டு அமைப்புகள் செய்த முதல் பெரிய காரியம் சோறு போட்டதோ துணி கொடுத்ததோ அல்ல. எண்ணியது. வீட்டுக்குள் போய், பெயர் கேட்டு, வயது கேட்டு, எந்த வகுப்பில் நின்றது என்று கேட்டு எழுதி வைத்தது. சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தை எடுத்தபோது அந்த எண்ணிக்கைக்கு முகங்கள் கிடைத்தன. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1986இல் தொடுத்த வழக்குக்குப் பின்னாலும் இப்படிச் சேர்ந்த சாட்சியம்தான் வலுவாக நின்றது. அந்த வழக்கின் இறுதித் தீர்ப்பு 1996 டிசம்பர் 10இல் வந்தது. ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வைத்திருந்த முதலாளி அந்தக் குழந்தையின் பேரில் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகும் காலமெல்லாம் அந்தப் பணத்தின் வட்டி குடும்பத்துக்கு. ஒரு குழந்தையின் உழைப்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு தொகையை எழுதி, அதைப் பள்ளியோடு கட்டிப்போட்ட தீர்ப்பு இது. நடைமுறையில் அந்தப் பணம் வசூலான இடங்கள் நாட்டில் சொற்பம். இருந்தாலும் பிள்ளையை வைத்து வேலை வாங்குவது இனி ரகசியமாகச் செய்ய வேண்டிய காரியம் என்ற பயம் முதலாளிகளிடம் வந்தது. அந்தப் பயமே பாதி வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன்.

என் வாதம் இதுதான். தொண்டு நிறுவனம் குழந்தையைக் காப்பது, அரசின் கண்ணுக்குத் தெரியாத பிள்ளையைத் தெரியவைப்பதிலும், அந்தப் பிள்ளை பொதுப் பள்ளியில் நிலைக்கும் வரை கைபிடித்து நிற்பதிலும், பிறகு அந்த வேலையை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய உரிமையாக அரசிடம் ஒப்படைப்பதிலும்தான். இந்த மூன்றாவது காரியம் நடக்காத இடத்தில் முதல் இரண்டும் சில நூறு பிள்ளைகளோடு நின்றுவிடும்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய விருதுநகரான விருதுபட்டியின் வணிகர்கள் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். வீடுகளில் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பணமும் பிடி அரிசியும் சேர்ந்து க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியாக எழுந்தன. கோயில் நுழைவும் பொதுத்தெருவும் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே சேர்த்த அறநிதி அது. அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் முதலமைச்சர் ஆனபோது, ஒரு ஊரும் ஒரு சமூகமும் செய்ததை மாநிலம் முழுவதற்கும் செய்ய முடியுமா என்று பார்த்தார். 1956இல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊரார் நன்கொடையில்தான் நடந்தது. அரசுப் பணம் பின்னால் வந்து சேர்ந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்து மக்கள் பெஞ்சும் மணியும் நிலமும் கொடுத்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பிடி அரிசியில் தொடங்கியது இன்று எந்தப் பிள்ளையும் யாரிடமும் நன்றி சொல்லாமல் வாங்கிச் சாப்பிடும் சோறாக இருக்கிறது. அறம் அரசின் கடமையாக மாறிய கதைகளில் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

சிவகாசியில் இதே பாதையில் நடந்த இரண்டாவது முயற்சி சிறப்புப் பள்ளிகள். 1987இல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையை அறிவித்தது. அதன்கீழ் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது தீப்பெட்டி வட்டாரம் முதல் களங்களுள் ஒன்றாக இருந்தது. பணம் அரசுடையது, மாவட்ட ஆட்சியர் தலைவர், பள்ளியை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளிடம். வேலையிலிருந்து எடுத்த பிள்ளையை நேராக ஐந்தாம் வகுப்பில் உட்காரவைக்க முடியாது. பத்து வயதில் எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சம். பெற்றோருக்கோ வாரக் கூலி போன கவலை. இவர்களுக்காக வாடகைக் கட்டடத்தில் ஒரு வகுப்பு, மதியச் சோறு, முதலில் மாதம் 100 ரூபாய் உதவித்தொகை, பின்னால் 150, கடைசியில் 400. ஆசிரியர் அதே தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்ணாக இருப்பார். அவருக்குக் கிடைத்த மதிப்பூதியம் சொற்பம். ஆனால் திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போய் நிற்க அவரால் முடிந்தது. இந்த ஒன்றை எந்த அரசாணையும் செய்துவிட முடியாது. 2004இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இந்திய அரசும் சேர்ந்து தொடங்கிய இண்டஸ் குழந்தைத் தொழிலாளர் திட்டத்திலும் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் ஒன்றாக விருதுநகர் இருந்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். உதவித்தொகைக்காக, ஏற்கெனவே பள்ளியில் படித்த பிள்ளையை எடுத்துச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தது, வருகைப் பதிவேட்டை நிரப்பியது என்ற புகார்கள் நாடெங்கும் இந்தத் திட்டத்தின் மீது எழுந்தன. அரசுப் பணமாகட்டும், வெளிநாட்டுப் பணமாகட்டும், கணக்கை ஊர் முன்னால் வைக்காத தொண்டு நிறுவனத்தைப் பாதுகாத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டி நன்கொடை வாங்கியவர்கள், உண்மையாக எண்ணியவர்களின் சொல்லையும் சேர்த்துத்தான் கெடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 5 முதல் 14 வயது வரையுள்ள தொழிலாளர்கள் 1981 மக்கள்தொகைக் கணக்கில் 9,75,055 பேர். 1991இல் 5,78,889. 2001இல் 4,18,801. 2011இல் 1,51,437. மக்கள்தொகைக் கணக்கும் திண்ணை வேலையை முழுதாகப் பிடிப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டாலும், போக்கு தெளிவாக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது முதல் சரிவு. சிறப்புப் பள்ளிகள் வேரூன்றும் முன்பே, உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு முன்பே, 1981க்கும் 1991க்கும் இடையே கிட்டத்தட்ட நான்கு லட்சம் குறைந்திருக்கிறது. சத்துணவு வந்த பத்தாண்டு அது. ஆகவே பிள்ளைகளை மீட்ட புகழைத் தொண்டு நிறுவனங்கள் முழுதாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பான்மைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது பக்கத்திலேயே இருந்த அரசுப் பள்ளியும் அங்கே கிடைத்த சோறும். அந்தப் பெருவலையில் சிக்காமல் போனவர்களைத்தான் தொண்டு அமைப்புகள் தேடிப் பிடித்தன. அந்தக் கூட்டம் எண்ணிக்கையில் சிறியது, எட்டுவதற்கு மிகக் கடினமானது.

பிள்ளையின் கூலி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது இங்கே முப்பது ஆண்டுகள் சொல்லப்பட்ட பதில். கரிசல் காடு, வானம் பார்த்த விவசாயம், மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸை விட்டால் வேறு கதியில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளை மலிவாகக் கிடைக்கும் ஊரில் பெரியவருக்கு நல்ல கூலி கேட்கும் பலம் இருக்காது. குச்சி அடுக்கப் பிஞ்சு விரல்தான் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் விலகியதும் அதே வேலையைப் பெண்கள் செய்தார்கள், இயந்திரங்களும் வந்தன. தீப்பெட்டித் தொழில் நின்றுவிடவில்லை. அரசியலறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளிவந்த தன் நூலில், இந்தியாவில் குழந்தை உழைப்பு நீடிப்பதற்கு வறுமையைவிட, ஏழைப் பிள்ளை வேலை செய்வது இயல்புதான் என்று படித்தவர்களும் அதிகாரிகளும் நம்பியதே பெரிய காரணம் என்று வாதிட்டார். 1986ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களில் தடுத்து, மற்றவற்றில் ஒழுங்குபடுத்துவதோடு நின்றதைப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் தெரிகிறது. 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது, 18 வரை வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலை கூடாது என்று சட்டம் சொல்ல 2016 வரை ஆனது. அதிலும் பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது. வீடே தொழிற்கூடமாக இருந்த வட்டாரத்தில் இந்த விலக்கு என்ன செய்யும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிவகாசியை முடக்கத்தான் இந்த அமைப்புகள் வந்தன என்ற கோபம் ஊரில் இன்றும் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாசு வாங்காதே என்று பெருநகரப் பள்ளிகளில் நடந்த பிரச்சாரம் பிள்ளைகளின் பெயரால் நடந்தது. வியாபாரம் குறைந்தால் முதலில் வேலை இழப்பவர் அதே பிள்ளையின் தாய். 2018இல் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது அடி எங்கே விழும் என்பதை ஊர் கண்டது. ஒரு பொருளைப் புறக்கணிக்கச் சொல்வது எளிது. அந்தப் பொருளைச் செய்யும் வீட்டில் மாற்று வருமானத்துக்கும் பள்ளிக்கும் வழி செய்வது கடினம். எளியதை மட்டும் செய்த அமைப்புகள் மீது ஊரின் கோபம் சரியானது. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டி, எண்ணியவர்களையும் பள்ளி நடத்தியவர்களையும் ஊர்த் துரோகி ஆக்குவது சரியல்ல. ஆலைகளில் பிள்ளைகள் இல்லை என்று இன்று சிவகாசி வணிகர்கள் வெளியூரில் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறதென்றால், அதில் எண்ணியவர்களுக்கும் பள்ளி நடத்தியவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

பிள்ளைகளை மீட்பது ஊரின் சமாதானத்துக்கும் வழி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதல் உலகப் போர் முடிந்த 1919இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சமூக நீதி இல்லாத இடத்தில் நிலையான சமாதானம் இல்லை என்ற அடிப்படையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. அதன் முதல் உடன்படிக்கைகளில் ஒன்று ஆலையில் வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது பற்றியது. அதே ஆண்டு லண்டனில் எக்லன்டைன் ஜெப், எதிரி நாட்டின் பட்டினிப் பிள்ளைகளுக்கு உணவு அனுப்ப ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பைத் தொடங்கினார். அவர் எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924இல் உலக நாடுகள் சங்கம் ஏற்றது. 2014இல் கைலாஷ் சத்தியார்த்திக்கும் மலாலாவுக்கும் கொடுத்தது அமைதிக்கான நோபல் பரிசு என்பதும் இந்த வரிசையில் வருவதுதான். நம் ஊருக்கு வருவோம். 1899 ஜூனில் கோயில் நுழைவை ஒட்டிச் சிவகாசி சூறையாடப்பட்டது. ஏறக்குறைய நூறாண்டு கழிந்து 1997இல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதி வீரர் சுந்தரலிங்கனார் பெயரைச் சூட்டியதை ஒட்டி விருதுநகர் மாவட்டத்தில் சாதிக் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. தென்மாவட்ட மோதல்களை ஆராய்ந்த ரத்தினவேல் பாண்டியன் குழு வேலையின்மையையும் தொழில் பின்தங்கலையும் சுட்டிக்காட்டியது.

வேலையும் தொழிலும் அவசியம், ஆனால் போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் உடன்படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைப்பது என்று அது பரிந்துரைத்தது. பிள்ளையை ஆலையிலிருந்து எடுத்துப் பள்ளியில் விட்டதோடு காப்பது முடிந்தது என்று எண்ணிய நம் எல்லோருக்கும் இது கேள்வி. சமூக நிதியில் எழுந்த பள்ளிகள் தென்மாவட்டங்களுக்குக் கல்வியைக் கொடுத்தன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகச் சேர்க்கும் பணத்தில் வளர்வது அந்தச் சமூகம். பல தெருப் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கச் சேர்க்கும் பணத்தில்தான் ஊர் வளரும். சிறப்புப் பள்ளி ஆசிரியை வீடு வீடாகப் போனது போல, மோதல் நடந்த கிராமங்களில் இரு தெருப் பெற்றோரையும் ஒரே பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரவைக்கப் போகிறவர்கள் இன்று மிகக் குறைவு. தொண்டு அமைப்புகள் போக வேண்டிய அடுத்த இடம் அது.

இவ்வளவும் அரசே செய்யட்டுமே, தொண்டு நிறுவனம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. என் வாதமே கடைசியில் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் ஒப்படைப்பது வேறு, கைவிடுவது வேறு. 2021இல் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1996இல் மும்பையில் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் தொண்டு அமைப்புகள் நடத்திய 1098 உதவி எண்ணை 2023இல் அரசே எடுத்துக்கொண்டது. கொள்கையில் இரண்டும் சரி. நிர்வாகத்தில் ஒரு கேள்வி நிற்கிறது: திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டுக்கு மாலையில் போகிற ஆள் இப்போது யார்? ஏற்கெனவே சுமை ஏறிய தலைமை ஆசிரியரா, மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அலுவலரா? வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் ஒரு அமைப்பு பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதைத் தடுத்துவிட்டது. பெரிய அமைப்புகளின் கீழ் வேலை செய்த சின்னக் கிராமத்து அமைப்புகளுக்கு அது நேரடி அடி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் மறுபடி வேலைக்குப் போனதைத் தமிழகம் பார்த்தது. கதவு இன்னும் முழுதாக மூடவில்லை.

அந்தக் கதவு பட்டாசு விபத்துகளில்தான் அதிகம் திறக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர், 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஏறத்தாழ இருபது பேர், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. உள்குத்தகை, அனுமதிக்கு மேல் ஆட்கள், மருந்துக் கலவையில் அவசரம் என்று காரணங்களும் திரும்பத் திரும்ப அதேதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோர். விபத்து நடந்த வாரத்தில் நிவாரணக் காசோலை வரும், நன்கொடையாளர்கள் வருவார்கள், பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள். பாட்டியோ சித்தியோ இருக்கும் பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுபோவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது. வீட்டிலேயே வளரும் அத்தகைய பிள்ளைக்கு மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. 2024 நவம்பரில் தமிழக அரசு, பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக விருதுநகரில் அறிவித்து, ஆட்சியர் பொறுப்பில் 5 கோடி ரூபாய் நிதியையும் ஒதுக்கியது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். பணத்துக்கு வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்க ஒரு வயதான பாட்டி தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க முடியும் என்பதில்தான் பல பிள்ளைகளின் படிப்பு தொங்கி நிற்கும். உள்குத்தகையில் பெயர் இல்லாமல் வேலை பார்த்து இறந்தவர் அந்த ஆலையில்தான் இறந்தார் என்று நிறுவ வேண்டியிருக்கும். அரசு ஒவ்வொரு விபத்துக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை முப்பது நாளுக்குள் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிடம் வைக்கட்டும். அந்தப் பட்டியலில் விடுபட்டவர்களைத் தொண்டு அமைப்புகள் வீடு வீடாகப் போய் எண்ணிச் சேர்க்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை ஆண்டுதோறும் அதே பட்டியலோடு அதே வீடுகளுக்குப் போகட்டும்.